கொலைப் பொருள் சேகரிப்பவர்களைப் பற்றி ஒரு துப்பறியும் நாவல்: திருகோணமலையில் வைத்து எழுதினால் எடுபடுமா?

டச்சுபே_காற்று

எல்லோருக்கும் வணக்கம். ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து அத்தியாயத்தோடு நிற்கிறது. உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

திருகோணமலை நீதிமன்றத்தில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், டச்சுபே பக்கம் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்து கண்ணை மூடுகிறார். கொழும்பிலிருந்து மருமகன் வந்து வீட்டைத் துப்புரவாக்கும்போது கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி அகப்படுகிறது. உள்ளே பத்திரிகைத் தாளில் சுற்றிய சாமான்கள்: பிடி உடைந்த கத்தி, ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, பால்மா ரின்னுக்குள் ஒரு முழக் கயிறு. ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய அட்டை, அதில் வழக்கு இலக்கமும் வருஷமும். எல்லாம் கொலை வழக்குச் சாமான்கள். மருமகனுக்கு முதலில் அருவருப்பு. இதற்கும் ஆள் இருக்கிறது என்று யாரோ சொன்னதும் இணையத்தில் படம் போட்டுப் பார்க்கிறான். ஒரு கிழமைக்குள் மூன்று பேர் விலை கேட்கிறார்கள். அதில் ஒருவர் லண்டனிலிருந்து நேரே ஊருக்கே வந்து, உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கி, அங்கேயே செத்துக் கிடக்கிறார்.

என் கேள்வி இரண்டு. இப்படிச் சேகரிக்கிறவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, எப்படிப்பட்டவர்கள்? இந்தக் கதை நம் ஊரில் ஒட்டுமா?

உப்புவெளியான்

வாழ்த்துகள் தம்பி. கடைசியில் எங்கள் பக்கமும் ஒரு பிணம் விழுந்துவிட்டது. எந்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்களா? மே முதல் செப்டெம்பர் வரை என்றால் விடுதி நிறைய வெள்ளைக்காரர்கள், பக்கத்து அறைச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். நவம்பரில் என்றால் வடகீழ்ப் பருவ மழை, கடல் கொந்தளிப்பு, பாதி விடுதி பூட்டிக் கிடக்கும். அந்தக் காலத்தில் வந்து அறை கேட்கிற ஆளைக் காவலாளிகூட மறக்க மாட்டான். கொலைக்கு நவம்பர்தான் தோது.

பழைய_பத்திரிகை

இருக்கிறார்களா என்றால், நன்றாகவே இருக்கிறார்கள். நேற்று இன்று தொடங்கிய பழக்கமும் கிடையாது. 1828இல் இங்கிலாந்தில் வில்லியம் கோர்டர் என்பவனைத் தூக்கிலிட்டார்கள். காதலியைக் கொன்று ஒரு சிவப்புக் களஞ்சியத்துக்குள் புதைத்தவன். தூக்கிய கயிற்றை அங்குலம் ஒரு கினி (பழைய ஆங்கிலேயப் பொன்நாணயம்) என்று வெட்டி விற்றார்கள். களஞ்சியத்தின் பலகையைப் பிய்த்துக்கொண்டு போய் பல்குத்தும் குச்சி செய்து விற்றார்கள். அவன் தோலால் அட்டை போட்ட புத்தகம் இன்றும் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த வருஷம் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பர்க்கின் எலும்புக்கூடு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. அவன் தோலில் அட்டை போட்ட சின்னக் குறிப்புப் புத்தகம் வேறோர் அருங்காட்சியகத்தில். இவற்றைச் செய்தவர்கள் மனநோயாளிகள் அல்ல. வைத்தியர்கள், கனவான்கள்.

அமெரிக்காவுக்கு வந்தால், விஸ்கொன்சினில் எட் கீன் என்ற கொலைகாரனின் 1949ஆம் ஆண்டு போர்ட் காரை 1958இல் ஏலம் விட்டார்கள். களியாட்ட விழாக்காரர் ஒருவர் 760 டொலருக்கு எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய், பார்க்க 25 சதம் வாங்கினார். சனம் வரிசையில் நின்றது. 2000ஆம் ஆண்டில் அவனுடைய கல்லறைக் கல்லையே கிளப்பிக்கொண்டு போனார்கள், அடுத்த வருஷம்தான் சியாட்டலில் அகப்பட்டது. ஜோன் வேய்ன் கேசி, 33 கொலைக்குத் தண்டனை பெற்றவன், சிறையில் இருந்தபடியே கோமாளிப் படங்கள் வரைந்து விற்றான். இணைய ஏலம் வந்தபின் இந்த வியாபாரம் கொழுத்துப் போய், ஹூஸ்டன் நகரில் பாதிக்கப்பட்டவர்களுக்காக வேலை செய்த அண்டி கஹான் என்பவர் விடாமல் சண்டை பிடித்ததில் 2001இல் ஈபே தன் தளத்தில் அதைத் தடை செய்தது. வியாபாரம் நின்றதா? இதற்கென்றே சின்னச் சின்னத் தளங்கள் முளைத்தன, அவ்வளவுதான்.

உங்கள் நாவலுக்கு முக்கியமான ஒன்று. இந்த ஆட்கள் வாங்குவது சாமானை அல்ல, கடதாசியை. ஒற்றைச் செருப்பு யாரிடம்தான் இல்லை? அதோடு வருகிற கடிதம், முத்திரை, "இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்கு" என்கிற வரிசை, அதற்குத்தான் காசு. உங்கள் பெரியவர் நூலில் கட்டிய அட்டைகள் கத்தியைவிட விலை போகும். பெரும்பாலான துப்பறியும் கதைகள் இதைக் கோட்டை விட்டுவிட்டு, சேகரிப்பவனை இருட்டறையில் சிரிக்கிற பூதமாக்கிவிடுகின்றன. அப்படி எழுதினால் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுவேன்.

கிண்ணியா_நானா

பல்குத்தும் குச்சி! யா அல்லாஹ்.

ஆனால் ஒன்று, பழைய பத்திரிகை அண்ணன். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட கதை நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். சீனன்குடாவில் விமானம் வந்து மோதி எரிந்த எண்ணெய்த் தாங்கியைப் பார்க்க வெளியூர்ச் சனம் வருகிறது, பக்கத்தில் நின்று செல்பி எடுக்கிறது. என்னுடைய மாமா பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். பித்தளைக் கோது எது வந்தாலும் "நாற்பத்திரண்டு" என்று சொல்லித்தான் கொடுப்பார். அதில் ஆள் செத்ததில்லையா? அதை ஹோலில் பூச்சாடியாக வைத்தால் ஒன்றுமில்லை, கத்தியை வைத்தால் மட்டும் பைத்தியமா?

சம்பூர்_வாசகி

நானா சொல்வது யோசிக்க வேண்டியது. எனக்கு இன்னொரு குறை. எல்லா உதாரணமும் வெள்ளைக்காரனிடமிருந்தே வருகிறது. நம்மவர்களுக்கு இந்த ருசி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கொலைச்சிந்து தெரியும்தானே. எங்காவது ஒரு கொலை விழுந்தால் மை காயும் முன் அதைப் பாட்டாகக் கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயில் நிலையத்திலும் ஒருவர் பாட ஒருவர் விற்பார். சென்னைக் குஜிலிக் கடைப் பதிப்புகளில் அது தனி வகை. அணா கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் எல்லாம் சேகரிப்பவர்கள்தான். 1944இல் லட்சுமிகாந்தன் கொலை, அதில் பாகவதரும் கலைவாணரும் சிறை போய் 1947இல் விடுதலையானது. 1952இல் ஆளவந்தார் கொலை, தலை ராயபுரம் கடற்கரையில், உடல் ரயில் பெட்டிக்குள் ஒரு டிரங்குப் பெட்டியில். அது எந்த ரயில்? தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறி நம்ம தலைமன்னாருக்கு வருவதற்கான இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ். மானாமதுரையில் நாற்றம் தாங்காமல் திறந்து பார்த்திருக்காவிட்டால் அந்தப் பெட்டி எதுவரை வந்திருக்குமோ.

எங்கள் அப்பப்பா ஒரு வழக்கை விடாமல் தொடர்ந்தவர். கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் வழக்கு. 1951 ஒக்டோபரில் மனைவி கொலை செய்யப்பட்டார், கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார், எடின்பரோவிலிருந்து தடயவியல் நிபுணர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார், 1953இல் சதாசிவம் விடுதலை. அப்பப்பா அதையெல்லாம் வெட்டி ஒரு பழைய கணக்குக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தார். கோதுமை மாப் பசை. அதற்கே வெள்ளிப்பூச்சி வந்து எழுத்தை விட்டுவிட்டுப் பசையை மட்டும் தின்றிருக்கிறது. தாளைத் திருப்பினால் துண்டுகள் கழன்று மடியில் விழும். ஓரத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: "வில்லியம் பொய்." அடுத்த பக்கத்தில் அதையே வெட்டிவிட்டு "பொய்யோ?" வேலைக்காரன் வில்லியம்தான் அரச தரப்புச் சாட்சி. அப்பப்பா கொழும்பு போனதே இல்லை, நீதிமன்றப் படி மிதித்ததும் இல்லை. அவருடைய கொப்பிக்கும் உங்கள் தகரப் பெட்டிக்கும் என்ன தூரம் என்று நாவல் கேட்குமானால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

உப்புவெளியான்

அக்கா, அந்தக் கொப்பியை விற்கிற எண்ணம் உண்டா? 😄

சம்பூர்_வாசகி

போடா.

நீதிமன்ற_வராந்தா

நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் வேலை அந்தப் பக்கம்தான். அதனால் கதையில் இடறுகிற இடத்தைச் சொல்கிறேன்.

வழக்குத் தொடுநர் தரப்புச் சாமான் என்றால் "பி" என்று இலக்கம் போடுவார்கள், பி 1, பி 2 என்று போகும். சீல் வைத்து, பதிந்து, சான்றுப்பொருள் அறையில் போடுவார்கள். வழக்கும் மேன்முறையீடும் முடிந்தால் நீதிமன்றம் கட்டளை போடும்: உரியவருக்குக் கொடு, அரசுடைமையாக்கு, அழித்துவிடு. உங்கள் பெரியவர் கைவைக்கக்கூடிய இடம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. "அழிக்கப்பட்டது" என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று, சாமான் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. யாரும் தேட மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒரு சாமான் இல்லை. ஆனால் அட்டையைக் கழற்றாமல் வைத்திருந்தால் அது அவருக்கு எதிரான சாட்சி. கழற்றினால், பழைய பத்திரிகை சொன்னபடி, பெறுமதி போய்விடும். அந்த இக்கட்டை மருமகன் தலையில் போடுங்கள்.

பிறகு அந்தக் கயிறு. இலங்கையில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1976இல். அதன்பிறகு தண்டனை விதிக்கிறார்கள், நிறைவேற்றுவதில்லை. தூக்குமரம் இருந்தது வெலிக்கடைச் சிறையிலும் போகம்பறைச் சிறையிலும், திருமலையில் அல்ல. ஆகவே இங்கே நீதிமன்றத்தில் இருந்தவர் கைக்குத் தூக்குக் கயிறு வர வழியே இல்லை. அதை மாற்றாதீர்கள், அப்படியே விடுங்கள். அட்டையில் 1979 என்று போடுங்கள். விஷயம் தெரிந்தவன் ஒரு பார்வையில் பிடிப்பான். பெட்டியில் ஒன்று பொய் என்றால் மற்றவை?

இன்னொன்று: நமது தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் தொல்பொருள் என்கிறது. 1864இல் கண்டியில் தூக்கிலிட்ட கொள்ளைக்காரன் சரதியலின் துப்பாக்கி என்று சொல்லி ஒருவன் உங்களிடம் விற்றாலும் அந்தச் சட்டம் அவனைத் தொடாது. ஏமாற்றுக்காக வேண்டுமானால் பிடிக்கலாம்.

டச்சுபே_காற்று

1979! ஐயா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். கயிறு எனக்கு வெறும் அலங்காரமாகத்தான் கிடந்தது.

பழைய_பத்திரிகை

சரதியல் பெயர் வந்ததால் சொல்கிறேன். மாவனெல்லையில் அவன் பெயரில் ஒரு கிராமமே காட்சிக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள், பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள். அவனைப் பிடிக்கப் போய் 1864 மார்ச் 21இல் செத்த கான்ஸ்டபிள் சபானை யாருக்குத் தெரியும்? பொலிஸ்காரர் மட்டும் அந்தத் தேதியை வருஷா வருஷம் நினைவுகூருகிறார்கள்.

நம்ம கோணேசர் கோயில் சுவாமி மலையில் நிற்கிற டச்சுக் கல்தூணையும் எடுங்கள். பிரான்சினா வான் றீட் என்ற பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் அதில் உண்டு. காதலன் கப்பலேறிப் போக, அவள் பாறையிலிருந்து குதித்துச் செத்தாள் என்று கோணேசர் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறார்கள். ஆவணப்படி அவள் சாகவில்லை, சில வருஷம் கழித்து வேறொருவரைக் கல்யாணம் கட்டியிருக்கிறாள். ஆனால் கல்யாணம் கட்டியவளின் தூணை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

தேவி_ஓர்ஸ்ஹில்

எல்லாம் வாசித்தேன். நீங்கள் எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள், பேசுங்கள். எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் பெரியம்மா வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு ஷொப்பிங் பை இருக்கிறது. உள்ளே இரண்டு விரற்கடை அகலத்தில் துணித்துண்டுகள், நீலத்தில் வெள்ளைக் கோடு. அண்ணாவுக்குச் சேர்ட் தைத்த தையல்காரர் மிச்சத்தைச் சுருட்டிக் கொடுத்தது. அந்தச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் அண்ணா போனது. "என்ன உடுத்திருந்தார்?" என்று காணாமல்போனோர் ஆணைக்குழுவில் கேட்பார்கள். பெரியம்மா பையைத் திறந்து மேசையில் வைப்பா. படத்தை லமினேட் பண்ணி, முறைப்பாட்டு இலக்கத்தைப் பின்னால் எழுதி, எல்லாம் ஒரே பையில். ஆணைக்குழு மாறும், மேசைக்குப் பின்னால் இருக்கிற ஆள் மாறுவார், பை மாறாது. எங்காவது ஏதாவது கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அதைத் துவைக்கவும் விடவில்லை.

இந்த ஊரில் இப்படி எத்தனை அலுமாரி. உங்கள் நாவலில் லண்டனிலிருந்து வந்து ஒற்றைச் செருப்புக்கு விலை பேசுகிறான். அந்தச் செருப்பு யாருடையது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறீர்களா?

உப்புவெளியான்

தங்கச்சி, நான் விளையாட்டாகத்தான் எழுதினேன். கோபிக்காதே.

தேவி_ஓர்ஸ்ஹில்

உங்களோடு கோபம் இல்லை அண்ணன்.

ஆடி_அமாவாசை

அப்படிப் பார்த்தால் இங்கே ஒன்றும் எழுத ஏலாது. பாரிஸில் வைத்தால் துப்பறியும் கதை, திருகோணமலையில் வைத்தால் பாவமா? நமக்கும் பொழுதுபோக்கு நாவல் வேண்டும். எல்லாப் புத்தகத்திலும் அழுதுகொண்டே இருக்க முடியாது.

சம்பூர்_வாசகி

எழுத ஏலாது என்று தேவி சொல்லவில்லையே. செருப்பு யாருடையது என்றுதான் கேட்டா. அது துப்பறியும் கதையின் முதல் கேள்வி.

மட்டுறுத்துநர்

2006ஐயும் அதை ஒட்டிய போர்க்காலத்தையும் சேர்ந்த உண்மைச் சம்பவங்களின் பெயர்களை இந்த இழையில் இழுக்க வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தேவியின் பதிவு இருக்கும்.

பழைய_பத்திரிகை

தேவி கேட்டது என்னை இரவெல்லாம் குடைந்தது. பாதிக்கப்பட்டவர்களின் ஆட்கள் இந்தச் சாமான்களை என்ன செய்ய விரும்பினார்கள் என்று தேடிப் பார்த்தால், பதில் ஒரே மாதிரி இல்லை.

1994 மே மாதம் கேசியைத் தூக்கி... மன்னிக்கவும், விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். அவனுடைய படங்கள் ஏலத்துக்கு வந்தன. இரண்டு வியாபாரிகள் சேர்ந்து இருபத்தைந்து படங்களை வாங்கினார்கள். ஜூன் மாதம், இலினோயில் நேப்பர்வில் என்ற ஊரில், கொல்லப்பட்ட பையன்களின் குடும்பங்களும் பார்த்துநிற்க, தீயில் போட்டார்கள்.

1996இல் தொடர்கொலைகாரன் ஜெப்ரி டாமரின் தட்டுமுட்டுச் சாமான்கள். இங்கே ஏலம் போட நின்றது யார் தெரியுமா? கொல்லப்பட்டவர்கள் சிலரின் குடும்பங்களேதான். அவனிடமிருந்து நட்டஈடாக வாங்க வேறு ஒன்றும் இல்லை. கேட்ட மில்வோக்கி நகரத்துப் பிரமுகர்களுக்கு ஊர் மானம் போகிறதே என்று வெட்கம். நான்கு லட்சம் டொலருக்கு மேல் திரட்டி, மொத்தமாக வாங்கி, அழித்துவிட்டார்கள். குடும்பங்களுக்குக் காசு, ஊருக்கு நிம்மதி.

2011இல் அமெரிக்க அரசே விற்றது. கடிதக் குண்டு அனுப்பிய டெட் கசின்ஸ்கியின் தட்டச்சு இயந்திரம், கறுப்புக்கண்ணாடி, தொப்பி வைத்த மேற்சட்டை எல்லாவற்றையும் நீதிமன்றக் கட்டளைப்படி இணையத்தில் ஏலம் விட்டு, வந்த இரண்டு லட்சத்து முப்பதாயிரம் டொலர் அளவை அவனால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. கொலைகாரன் தன் கதையை விற்றுக் காசு பார்க்கக்கூடாது என்று நியூயோர்க் 1977இல் போட்ட சட்டத்தை 1991இல் உச்ச நீதிமன்றம் வெட்டிவிட்டது, ஆனால் இது வேறு வழி.

காற்று தம்பி, உங்கள் கொலைக்கு இதில் ஒரு காரணம் கிடக்கிறது. உப்புவெளியில் செத்தவன் சேகரிப்பவன் அல்ல என்று வையுங்கள். அவன் எரிக்கிறவன். வாங்கி வாங்கி எரிக்கிறவன். சேகரிப்பவர் வட்டத்தில் அவனைப்போல் வெறுக்கப்படுகிறவன் இருக்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் கூடுதல் விலை கொடுத்து, கையில் எடுத்து, நெருப்பில் போடுகிறான்.

கிண்ணியா_நானா

ஆஹா. அவன் ஏன் எரிக்கிறான் என்றும் சொல்லுங்கள். அவனுடைய ஆள் யாராவது?

டச்சுபே_காற்று

இந்தப் பதிவை வாசித்துவிட்டு ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்தேன். அவனுக்கு லண்டன் வேண்டாம், இங்கிருந்து போனவனாக இருக்கட்டும். தன் ஆளின் சாமான் ஒன்று எங்கோ ஒரு படத்தில் விற்பனைக்கு வந்ததைப் பார்த்து, அதை வாங்கி எரித்ததில் தொடங்கியவன். பிறகு நிறுத்த முடியவில்லை.

தேவி அக்கா, நீங்கள் கேட்டதற்கு: செருப்பு யாருடையது என்று எழுதவில்லை. இப்போது அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று படுகிறது. பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் 1970க்கு முந்திய வழக்குகளாக்கிவிடலாமா என்றும் யோசித்தேன்.

சம்பூர்_வாசகி

அது நழுவல். எழுபதுக்கு முந்திச் செத்தவர்களுக்கு ஆட்கள் இல்லையா?

தேவி_ஓர்ஸ்ஹில்

எரிக்கிறவனை எல்லோருக்கும் பிடித்துவிட்டது போல. எனக்குப் பிடிக்கவில்லை.

கேசி செத்துவிட்டான், டாமரும் செத்துவிட்டான். யார் கொன்றது என்பது தீர்ந்த கணக்கு. அங்கே எரிப்பது சடங்கு. இங்கே கணக்கு எங்கே தீர்ந்தது? உங்கள் பெரியவர் "அழிக்கப்பட்டது" என்று பொய்யாக எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனது களவுதான். ஆனால் அந்தக் களவால்தான் சாமான் மிஞ்சியது. யாராவது ஒருநாள் பார்த்து "இது என்னுடைய மகனின் கண்ணாடி" என்று சொல்லக்கூடிய நிலையில் அது இருக்கிறது. வாங்கிப் பூட்டி வைக்கிறவன் வைத்திருக்கிறவரைக்கும் அந்த வாய்ப்பு இருக்கும். எரிக்கிறவன் நல்ல மனதோடு அதையும் சேர்த்து எரித்துவிடுவான்.

பெரியம்மாவிடம் அந்தப் பையை யாராவது விலைக்குக் கேட்டால் செருப்பால் அடிப்பா. எரித்துவிடுங்கோ, மனம் ஆறும் என்று ஒருவர் சொன்னார், அவர் சொந்தக்காரர். அவரோடு இன்றைக்கும் பேச்சு இல்லை.

நீதிமன்ற_வராந்தா

இதற்குமேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. தேவி சொன்னது தொழில்ரீதியாகவும் சரி. முடியாத வழக்கின் சான்றுப்பொருளை எரிக்கிறவன் எந்த மனதோடு எரித்தாலும் சட்டத்துக்கு அது சாட்சியத்தை அழித்தல். லண்டன் பொலிஸார் 1870களிலிருந்து ஓர் அறையில் இப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, பொலிஸ்காரருக்குப் பாடம் நடத்தத்தான். அங்கே இருந்தால் கேட்கிற நீதிமன்றத்துக்குக் கொடுக்கலாம். தனியார் வீட்டில் இருந்தால், கேட்கிறவருக்கு அது இருப்பதே தெரியாது.

கதைக்கு: பெட்டியில் ஒன்றே ஒன்று தீராத வழக்காக இருக்கட்டும். மற்றதெல்லாம் தண்டனை கொடுத்து முடிந்தவை. எரிக்கிறவன் வாங்க வந்தது எதை என்று அவனுக்கே தெரியாது, மொத்தப் பெட்டியையும் கேட்கிறான்.

ஆடி_அமாவாசை

சரி, ஒத்துக்கொள்கிறேன், இது என் பாரிஸ் கதையைவிட நன்றாக இருக்கிறது. அப்ப கொலைகாரன் யார்? சேகரிப்பவன் என்றால் சப்பென்று போய்விடும்.

உப்புவெளியான்

மருமகன்?

கிண்ணியா_நானா

மருமகன் என்றால் மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிடுவேன். கயிறு விற்றவன். 1979 அட்டை எழுதியவன். பெரியவர் களவாகக் கொண்டுவந்தது மூன்று சாமான், ஓய்வூதியம் போதாமல் பிறகு யாரோ அவருக்கு நாலாவதைச் செய்து கொடுத்திருக்கிறான். அப்படி ஒரு கயிற்றை எத்தனை பேருக்கு வெட்டி விற்றானோ. எரிக்கிறவன் கையில் அதில் நாலு துண்டு ஏற்கெனவே வந்திருந்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பான்.

பழைய_பத்திரிகை

நானா, நீங்கள் கடையை விட்டுவிட்டு எழுத வரலாம். அங்குலம் ஒரு கினிக்குக் கயிறு விற்ற காலத்திலிருந்து அந்தச் சந்தேகம் இருக்கத்தான் செய்யும். எரிக்கிறவன் ஒருவனுக்குத்தான் எல்லாத் துண்டையும் வாங்குகிற பழக்கம். சேகரிப்பவனுக்கு ஒன்று போதும், அதனால் அவன் கடைசிவரை கண்டுபிடிக்க மாட்டான்.

டச்சுபே_காற்று

இதை எடுத்துக்கொள்கிறேன், நானாவுக்குப் புத்தகத்தில் நன்றி போடுவேன். எரிக்கிறவன் செத்தபின் அவன் பையில் எரிக்காமல் வைத்திருந்த நாலு துண்டுக் கயிறு, நாலு அட்டை, நாலு வருஷம். அதை மேசையில் வரிசையாக வைக்கிறவர் விசாரணைக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் அல்ல, நீதிமன்றத்தில் பெரியவரோடு வேலை செய்த ஒரு அம்மா. பதிவுப் புத்தகம் எழுதியவ. யார் கையெழுத்து எது என்று அவவுக்குத் தெரியும்.

தேவி அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்தத் துணிப் பை கதையில் வரலாமா? பெயர், நிறம் எல்லாம் மாற்றி.

தேவி_ஓர்ஸ்ஹில்

வேண்டாம் தம்பி. மூக்குக்கண்ணாடி இருக்கிறதுதானே, அதை வைத்து எழுதுங்கோ. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் தடிப்பாக இருக்கட்டும், கண்ணாடிக் கடைக்காரர் அடையாளம் சொல்லக்கூடிய மாதிரி. வாசிக்கத் தருவீர்கள் என்றால் வாசிக்கிறேன்.

டச்சுபே_காற்று

சரி அக்கா. கண்ணாடிதான்.

எரிக்கிறவன் எப்படி ஊருக்குள் வருகிறான் என்று ஒரு அத்தியாயம் மிச்சம். நவம்பர், மழை. கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் ஏற்றலாம் என்று இருக்கிறேன்.

உப்புவெளியான்

ஏற்றுங்கள். ஆனால் கல்லோயாச் சந்தியில் பெட்டி கழற்றிப் பூட்டுகிற நேரத்தில் அவனை இறக்கிப் பிளேன்ரீ குடிக்க வைத்துவிடாதீர்கள், மழையில் கடை திறந்திருக்காது. விடியக்காலை திருமலையில் இறங்கினால் வெளியே ஓட்டோ நிற்கும். உப்புவெளிக்கு எவ்வளவு கேட்டான் என்று மட்டும் எழுத வேண்டாம், புத்தகம் அச்சாகி வருவதற்குள் கூடிவிடும்.